பிணம் சிரிக்கவில்லை

“அந்தப் பொணம் கடைசி வரைக்கும் எழுந்திரிக்கவே இல்லக்கா.”

காஞ்சனா இதைச் சொன்னபோது மூன்று பேரும் சுங்கைப் பட்டாணியில் ஒரு கடைவீட்டு மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார்கள். எதிரே இழுத்துப் பூட்டிய இரும்புக் கதவு. அதற்கு மேலே ‘மின்னல் முகங்கள், நடிகர் தேர்வு நிறுவனம்’ என்று பளபளப்பான பலகை.

“பேருக்கேத்த ஆளுங்கதான். ஒரு தடவ மின்னிட்டுப் போய்ட்டானுங்க,” என்றான் ஆர்தர்.

ஆர்தர் துப்பறியும் தேவகியின் உதவியாளன். காடி ஓட்டுவது, கதவைத் தட்டுவது, யாரும் கேட்காமலே ஜோக் அடிப்பது, இவை அவன் வேலைகள். கடைசி வேலைக்கு மட்டும் சம்பளம் கிடையாது. தேவகி காப்புறுதிக் கம்பெனியில் பொய்க் காயங்களைக் கண்டுபிடித்தே தலை நரைத்தவள். அங்கிருந்து விலகி, சொந்தமாகத் தொழில் நடத்துகிறாள். அவளுக்கு ஜோக் பிடிக்காது, ஆனால் ஜோக் அடிப்பவன் பக்கத்தில் இருந்தால் எதிராளி அசட்டையாக இருப்பான் என்பது அவள் கணக்கு.

“ஐசிதானே வாங்கித் தரச் சொல்லி வந்தீங்க? இப்ப என்ன பொணம்?” என்றாள் தேவகி.

“ஐசிதான்க்கா வேணும். அடையாள அட்டை இல்லாம பேங்க் போக முடியல, ஒண்ணும் முடியல. ஆனா ராத்திரி கண்ண மூடினா அந்தப் பொணம்தான் வருது.”

காஞ்சனா கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் சிப் செய்யும் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவள். ஓய்வு கிடைக்கும் நாட்களில் படப்பிடிப்புகளில் கூட்டத்தில் ஒருத்தியாக நிற்பாள். கோயில் கூட்டம், பாசார் கூட்டம், பஸ் நிறுத்தம் என்று அவள் நிற்காத இடமில்லை. அவளுடைய முதுகைப் பார்க்காத மலேசியத் தமிழன் இருக்க முடியாது. முகத்தைத்தான் யாரும் பார்த்ததில்லை. விடியற்காலையில் வரச் சொல்லி மத்தியானம் வரை வெயிலில் காயவிடுவார்கள். லாரிக்குப் பின்னால் நின்று சேலை மாற்றச் சொல்வார்கள். புளித்துப்போன நாசி லெமாக் சோற்றைக் கையில் திணிப்பார்கள். எல்லாவற்றையும் சகித்துக்கொண்டு போனாள், என்றாவது ஒருநாள் முகம் தெரியும் என்கிற ஒரே ஆசையில்.

அப்படியிருக்கும்போதுதான் வாட்சாப் குழுவில் அந்த விளம்பரம் வந்திருக்கிறது. வட்ட முகம், மாநிறம், நாற்பது வயதுக்குள், இடது தாடையில் மச்சம்.

“என்னையே நேர்ல பார்த்து எழுதின மாதிரி இருந்துச்சுக்கா,” என்று தாடையைத் தொட்டுக் காட்டினாள். “காளிதாசன்னு அந்த ஏஜென்சிக்காரர். போன உடனே செலக்ட். வீட்ல யார் யாரு இருக்காங்கன்னு கேட்டார். அம்மா போனப்புறம் நான் மட்டும்தான்னு சொன்னேன். ரொம்ப நல்லதுன்னார்.”

ஆர்தருக்கு அந்த ‘ரொம்ப நல்லது’ பிடிக்கவில்லை. சொல்ல வந்த ஜோக்கை விழுங்கினான்.

“எங்க ஷூட்டிங்?” என்றாள் தேவகி.

“யான்கிற ஊர்ப் பக்கம், ஜெராய் மலை அடிவாரத்துல ஒரு பங்களா. டுரியான் தோட்டத்துக்கு நடுவுல. எங்க எல்லாரையும் கூலிம் பக்கமிருந்து வேன்ல ஏத்திட்டுப் போனாங்க. சாவு வீட்டு சீன். பெட்டியில ஒரு அக்கா பொணமா படுத்திருந்தாங்க. எனக்கு அவங்க தங்கச்சி ரோல். மச்சம் உட்பட என்ன மாதிரியே இருந்தாங்கக்கா. அதுக்குத்தான் ஒங்கள எடுத்தோம்னார். எல்லார் ஐசியையும் பதிவுக்குன்னு வாங்கினார். எல்லாருக்கும் திருப்பிக் குடுத்தார், என்னோடது மட்டும் வரல.”

“சரி, அந்தப் பொணம்.”

“சாவு சீன் எடுத்தா, முடிஞ்சதும் பொணமா படுத்தவங்க எழுந்து காமிராவப் பார்த்து ஒரு தடவ சிரிக்கணும்க்கா. இல்லன்னா ஆகாது. எந்த செட்டா இருந்தாலும் இத விட மாட்டாங்க. கூட நடிக்க வந்த அழகம்மாக்காதான் கேட்டுச்சு, சிரிக்கச் சொல்லுங்க தம்பின்னு. அதுக்குக் காளிதாசன், அவங்க கோலாலம்பூர் ஆர்ட்டிஸ்ட், கேரக்டர்லயே இருப்பாங்க, தொந்தரவு பண்ணாதீங்கன்னுட்டார்.”

“தேத்தண்ணி குடிக்கக்கூட எழுந்திரிக்கலையா?”

“இல்லக்கா.”

“அவ்ளோ நேரம் ஒண்ணுக்குப் போகாம இருந்ததுக்கே அவார்டு குடுக்கலாம்,” என்றான் ஆர்தர்.

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

“வேற ஏதாவது கவனிச்சீங்களா? சின்னதா இருந்தாலும் சொல்லுங்க.”

காஞ்சனா யோசித்தாள். “கட்டை விரல்ல நீலமா மை இருந்துச்சு. பொணத்துக்கு எதுக்கு மை? கன்டினியூட்டி இடிக்குமேன்னு காளிதாசன் அண்ணன்கிட்ட சொன்னேன். அவர் மொகமே மாறிடுச்சு. கைக்குட்டைய எச்சில்ல நனைச்சுத் தொடச்சு விட்டார். அப்புறம் போலிஸ்காரரா நடிச்சவர் வந்தார். என்னா நடிப்புக்கா! ஐசிய கையில வச்சுக்கிட்டு பொணத்தையும் ஐசியையும் பார்த்தார். ஏதோ எழுதினார். நடுவுல ஒரு கொட்டாவி விட்டார் பாருங்க, அப்படியே நெஜம்.”

தேவகி இறங்க ஆரம்பித்துவிட்டாள். “ஆர்தர், காடிய எடு. அந்த அழகம்மாவப் பார்க்கணும்.”

*

அழகம்மா பாடாங் செராய் பக்கம் ஒரு தோட்டத்து முனையில் வடைக்கடை வைத்திருந்தாள். அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர் ரோனால்ட், முன்னாள் காவலாளி, கடையிலேயே குடியிருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். இருவரும் அன்று அந்தச் சாவு வீட்டில் அழுதவர்கள்தான்.

“அந்த ஏஜென்சியப் பத்திப் பேசாதீங்கம்மா, வயிறு எரியுது,” என்று எண்ணெயில் வடையைப் போட்டாள் அழகம்மா. “மத்தியானச் சாப்பாடு இல்ல. உள்ள கக்கூசுக்குப் போகக்கூடாதாம். தோட்டத்துக்குள்ள போய்ட்டு வாங்கங்கறான். நாங்க என்ன மாடா?”

“அது யார் வீடு?”

“பிரேமாவதின்னு ஒரு அம்மாவோடதாம். புருஷன் இல்ல. தோட்டம், தொரவு எல்லாம் அவங்க பேர்லயாம். அவங்க ஆஸ்திரேலியாவுல மகன்கிட்ட போயிருக்காங்க, வீட்ட ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விட்டிருக்காங்கன்னு காளிதாசன் சொன்னான்.”

“அந்தம்மா படம் ஏதாச்சும் மாட்டியிருந்துச்சா?”

“செவுத்துல சட்டம் மாட்டின அடையாளம் இருந்துச்சு. படம் இல்ல.”

தேவகி தலையாட்டிவிட்டு ஒரு விசித்திரமான காரியம் செய்தாள். அழகம்மாவைப் பார்த்தபடி மேசையில் ஒரு வாழைக்காய் பஜ்ஜியை நீளவாக்கில் வைத்தாள். “இது பெட்டி. இந்தப் பக்கம் வாசல். அந்தப் பக்கம் ஜன்னல். இந்தாங்க, இந்த உப்பு டப்பாதான் காமிரா. எங்க இருந்துச்சுன்னு வைங்க. மத்தவங்க திரும்பிக்குங்க.”

“பஜ்ஜி செத்து ரொம்ப நேரமாச்சுக்கா, ஆறிப்போச்சு,” என்றான் ஆர்தர்.

அழகம்மா உப்பு டப்பாவைப் பிணத்தின் தலைமாட்டில் வைத்தாள். தேவகி அதை எடுத்துவிட்டு ரோனால்டைக் கூப்பிட்டாள். அவர் கொஞ்சமும் யோசிக்காமல் வாசலில் வைத்தார். காஞ்சனா வந்து ஜன்னலோரம் வைத்தாள்.

மூவரும் திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“என்னா ரோனால்ட்டு, வாசல்ல எங்கய்யா இருந்துச்சு?” என்றாள் அழகம்மா.

“வாசல்லதான். அதுக்கு முதுகு காட்டி நின்னேன்ல?”

“சரி. நீங்க மூணு பேரும் அத ஒங்க கண்ணால பார்த்தீங்களா?” தேவகி கேட்டாள்.

அழகம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “காமிராவப் பார்க்கறவ எல்லாம் ஒரு நடிகையாம்மா? முதல் நாள் செட்ல சொல்லிக் குடுக்கறதே காமிராவப் பார்க்காதேன்னுதான். தப்பித்தவறிப் பார்த்துட்டா மறுபடி கூப்பிட மாட்டான். அதுவும் அன்னிக்கு ஒளிச்சு வச்சிருக்கோம், தேடிக்கூடப் பார்க்காதீங்கன்னு வேற சொன்னான்.”

“ஆக்‌ஷன், கட் ஏதாவது சொன்னானா?”

“இல்ல மேடம். புது ஸ்டைலாம். கைய தூக்கினா அழணும், எறக்கினா நிறுத்தணும்,” என்றார் ரோனால்ட்.

தேவகி உப்பு டப்பாவை எடுத்து அழகம்மாவின் தட்டில் திருப்பி வைத்தாள். மேசையில் ஆறிப்போன பஜ்ஜி மட்டும் கிடந்தது.

“காமிரா இல்ல. அன்னிக்கு அங்க ஷூட்டிங்கே நடக்கல.”

எண்ணெய் சடசடத்தது. அழகம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. “அப்போ அந்தப் பொண்ணு...?” என்றாள். “நான் கால தொட்டுக் கும்பிட்டேன்மா. ஜில்லுன்னு இருந்துச்சு. ஏர்கோன் போட்டிருக்கான், அதனாலன்னு நெனச்சேன்.”

ரோனால்ட் சிலுவை போட்டுக்கொண்டார். ஆர்தரின் கையும் தானாக நெற்றிக்குப் போனது. உண்மையான சாவு வீட்டில் உண்மையான பிணத்துக்கு முன்னால் இவர்கள் எல்லாரும் நடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். பூசணிக்காய் உடைப்பதா, சிரிப்பதா என்று சகுனம் பார்த்த ஜனங்கள், தொட்டுப் பார்த்தும் உணராமல் போனார்களே என்று நினைத்துக்கொண்டான்.

“பெட்டிய எங்க கொண்டு போனாங்க?”

“சுடலைக்கு. வேன்ல ஏத்தினதும் எங்கள அனுப்பிட்டாங்க,” என்றாள் காஞ்சனா. “அப்போ அந்தப் போலிஸ்காரர்?”

“நல்லா நடிச்சார்னு சொன்னீங்களே. நெஜமாவே வேலைக்கு வந்தவர் அவர் ஒருத்தர்தான். வீட்ல செத்தா, போலிஸ் வந்து பார்த்து அனுமதி குடுத்தாத்தான் எரிக்க முடியும். வீடு நெறைய அழுதுகிட்டு இருக்கற இடத்துல யாருக்குச் சந்தேகம் வரும்?” தேவகி எழுந்துவிட்டாள். “அவர் கையில இருந்தது யாரு ஐசின்னு பார்க்கணும். வாங்க, பதிவு இலாகாவுக்குப் போவோம்.”

*

பதிவு இலாகா மண்டபம் நிரம்பி வழிந்தது. குழந்தையை இடுப்பில் வைத்தவர்கள், கல்யாணச் சான்றிதழுக்கு வந்த புதுசுகள், காத்திருந்து காத்திருந்து சுவரில் சாய்ந்து தூங்கும் கிழவர்கள். கூரையிலிருந்து இயந்திரப் பெண்குரல் எண்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

காஞ்சனாவின் எண் வந்ததும் மூவரும் கவுண்டருக்குப் போனார்கள். ஐசி தொலைந்துவிட்டது, புதிது வேண்டும் என்று அவள் மலாயில் சொன்னாள். தூடோங் முக்காடு அணிந்த இளம் அதிகாரி சிரித்த முகத்தோடு கட்டை விரலை இயந்திரத்தில் வைக்கச் சொன்னாள். திரையைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. மறுபடி வைக்கச் சொன்னாள். பக்கத்திலிருந்தவளைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“காக்,” என்று அக்கா முறை வைத்து மெல்ல ஆரம்பித்தாள், “இந்தப் பெயர்க்காரர் சூடா மெனிங்கால். போன வாரமே இறந்துவிட்டதாகப் பதிவு இருக்கிறது.”

காஞ்சனாவின் கட்டை விரல் இயந்திரத்தின் மேலேயே இருந்தது. ஆர்தர் நாற்காலியை இழுத்து அவள் பின்னால் போட்டான்.

“யானில் இறந்தாரா?” தேவகி மலாயில் கேட்டாள்.

அதிகாரி தயங்கித் தலையாட்டினாள்.

தேவகி காஞ்சனாவின் பக்கத்தில் குனிந்தாள். இதமாகச் சொல்ல அவளுக்கு வராது. உள்ளதைச் சொல்லத்தான் வரும். “பொட்டியில இருந்தது அந்த வீட்டுக்காரி பிரேமாவதி. ஆஸ்திரேலியாவுக்கெல்லாம் போகல. கட்டை விரல்ல மை இருந்துச்சுன்னா, தோட்டத்த எழுதி வாங்கறதுக்கு ரேகை எடுத்திருக்கான். ஆனா நெலம் கை மாறி முடியற வரைக்கும் பிரேமாவதி உயிரோட இருக்கணும், காகிதத்துல. அதனால ஒடம்ப வேற பேர்ல எரிக்கணும். மச்சம் வச்ச ஒரு மூஞ்சிய விளம்பரம் போட்டுத் தேடியிருக்கான்.”

“விளம்பரம் வந்து ரொம்ப நாளாச்சேக்கா,” என்றாள் காஞ்சனா.

“ஆமா. அது வந்தப்போ அந்தம்மா உயிரோட இருந்திருக்கு.”

காஞ்சனா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். “நான் நெஞ்சில அடிச்சிக்கிட்டு அழுதேன்க்கா. பெரிய நடிகை மாதிரி. எனக்கே நான் அழுதிருக்கேன்.”

அந்த நேரம் பார்த்து அவள் கைப்பேசி அடித்தது. திரையில் காளிதாசன்.

தேவகி சைகை காட்டினாள்: எடு, ஒலிபெருக்கியில் போடு. மூன்று தலைகளும் குனிந்தன.

“காஞ்சனா! எங்கம்மா ஆளையே காணோம்? ஒங்க ஐசி என்கிட்ட பத்திரமா இருக்கு. நாளைக்குத் தரேன். அதோட ஒரு நல்ல சேதி. நாளைக்கு ஒங்களுக்குப் பெரிய ரோல். பணக்கார அம்மா வேஷம். டயலாக் இருக்கு.” தேன் ஒழுகும் குரல். “அலோர் ஸ்டார்ல ஒரு லாயர் ஆபீஸ். உள்ள போய், ‘நான்தான் பிரேமாவதி’ன்னு சொல்லி ஒரு கையெழுத்துப் போடணும். அவ்ளோதான். தனியா வாங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க, கதை வெளிய போயிரும்.”

கூரையிலிருந்து இயந்திரக் குரல் கணீரென்று எண்ணைக் கூப்பிட்டது.

அந்தக் குரல் எதிர்முனைக்கும் கேட்டுவிட்டது.

“காஞ்சனா. நீங்க இப்போ எங்க இருக்கீங்க?”

தேன் போய்விட்டிருந்தது. தேவகி எதையோ எழுதிக் காட்டப் பேனாவைத் தேடினாள். அதற்குள் காஞ்சனா இருமினாள். நன்றாக, நெஞ்சு அதிர இருமினாள்.

“கவர்மெண்டு கிளினிக்ல உட்கார்ந்திருக்கேண்ணே. ரெண்டு நாளா காய்ச்சல். நம்பர் கூப்பிடறான், எனக்குத்தான் வர மாட்டேங்குது.” கொஞ்சம் அலுப்பு, கொஞ்சம் குழைவு. “டயலாக் நெஜமாவா அண்ணே? மொகம் தெரியுமா?”

அவன் யோசிப்பது கேட்டது.

“தெரியும், தெரியும். ஒடம்பப் பார்த்துக்குங்க. நாளைக்குக் காலையில நானே வந்து ஏத்திக்கறேன்.”

தொடர்பு அறுந்ததும் காஞ்சனா கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள். இத்தனை வருடம் இவளைக் கூட்டத்தில் நிற்க வைத்தவர்களை நினைத்து ஆர்தருக்கு ஆத்திரமாக வந்தது.

தேவகியின் கண் மின்னியது. “மாட்டிக்கிட்டான். கேளுங்க காஞ்சனா. இப்போ நீங்க உயிரோட இருக்கறதாப் பதிவ மாத்தினா, அவனுக்குத் தெரிஞ்சு ஓடிருவான். நாளைக்கு ஒருநாள் மட்டும் செத்தவளாவே இருங்க. லாயர் ஆபீஸ்ல போலிஸோட நாங்க காத்திருப்போம். அந்தக் கையெழுத்துப் போடற நேரத்துல புடிச்சிரலாம்.”

காஞ்சனா அதிகாரியைப் பார்த்தாள். நாற்காலியை விட்டு எழுந்தாள். “நான் போறேன்க்கா. அந்த அம்மாவுக்காக நெஜமா யாருமே அழல. நான் போறேன்.”

மூவரும் நாலடி நடந்திருப்பார்கள். ஆர்தர் நின்றான்.

“அக்கா, ஜோக் இல்ல. நாளைக்கு வெள்ளிக்கிழமை.”

“அதுக்கென்ன?”

“நம்ம கெடாவுல வெள்ளி, சனிதானே லீவு. நாளைக்கு எந்த லாயர் ஆபீஸ்க்கா தொறந்திருக்கும்?”

தேவகி அப்படியே நின்றுவிட்டாள். ஆர்தர் அவளை அப்படிப் பார்த்ததில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

“ஷிஃப்ட்டு வேலைக்காரி எனக்கு வெள்ளியும் ஞாயிறும் ஒண்ணுதான்,” என்றாள் காஞ்சனா. “அவருக்குத் தெரியாம சொல்லியிருப்பாரா?”

“இந்த ஊர்க்காரன். நல்லாத் தெரியும்.” தேவகி நெற்றியில் அடித்துக்கொண்டாள். “நான்தான் மடச்சி. ரேகைய அன்னிக்கே வாங்கிட்டான்னு நானே சொன்னேன். அப்புறம் நாளைக்குக் கையெழுத்துக்கு என்ன வேலை? கையெழுத்தும் இல்ல, லாயரும் இல்ல. பூட்டிக் கெடக்கற கட்டடம். அங்க ஒங்களத் தனியா வரச் சொல்றான்.”

“எதுக்கு?” என்று கேட்டுவிட்டு, பதிலைக் காஞ்சனாவே தெரிந்துகொண்டாள். “செத்துப் போனவள யாருக்கா தேடப் போறா?”

அடுத்த நொடி அவள் திரும்பி ஓடினாள். கவுண்டரில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தள்ளிக்கொண்டு இயந்திரத்தின் மேல் கட்டை விரலை அழுத்தினாள்.

“சாயா ஹீடூப், சிக்!” என்று கத்தினாள். “நான் உயிரோட இருக்கேன்! இப்பவே எழுதுங்க!”

மண்டபம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. குழந்தைகள், கிழவர்கள், காவலாளி, எல்லாக் கண்களும் அவள் முகத்தின் மேல். அவள் அதை விரும்பிய காலம் ஒன்று இருந்தது.

அதிகாரி எழுந்து நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. மரணப் பதிவைத் திருத்தப் போலிஸ் புகார் வேண்டும், மேலதிகாரி கையெழுத்து வேண்டும் என்றாள். புகாரை இன்றே கொடுத்துவிடலாம். ஆனால் அலுவலகம் மூடப் போகிறது, நாளையும் மறுநாளும் விடுமுறை.

“ஞாயிற்றுக்கிழமை வாங்க, காக்.”

வெளியே வந்ததும் தேவகி ஒரு பக்கமும் ஆர்தர் ஒரு பக்கமும் காஞ்சனாவை ஒட்டி நடந்தார்கள். போலிஸ் நிலையம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஆர்தர் காடியின் கதவைத் திறந்து, அவள் உட்கார்ந்ததும் பூட்டினான். அவள் மடியில் கைப்பேசி ஒளிர்ந்தது. காளிதாசனிடமிருந்து ஒரு வரி.

‘எல்லாக் கிளினிக்குக்கும் ஆள் விட்டுப் பார்த்துட்டேன். எங்கயும் நீங்க இல்லையே?’